வெட்டுக் கடதாசி பிழைத்தால் நட்டம் யாருக்கு?

ஹற்றன், டிக்கோயா, நோர்வூட் பக்கத் தோட்டங்களுக்குப் போய் வரும் வியாபாரிகள் இதைக் கண்டிருப்பார்கள். பல லயத்து அறைகளில் ஒரு தையல் மெஷின் இருக்கும். அதன்மேல் பூப்போட்ட துணியொன்றைப் போர்த்தி, அதற்கு மேல் தொலைக்காட்சிப் பெட்டியையோ பிள்ளையின் புத்தகப் பையையோ வைத்திருப்பார்கள். கேட்டால், "தையல் மெஷின் வழங்கும் வைபவத்தில் கிடைத்தது" என்பார்கள். மூன்று மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், பிரமுகரோடு நின்று எடுத்த ஒரு போட்டோ. அதற்குப் பிறகு எதைத் தைப்பது, யாரிடம் விற்பது என்ற பேச்சே இல்லை.

ஜனவரியில் பாடசாலைச் சீருடை, தீபாவளிக்குச் சட்டை, இடையில் இரண்டொரு கலியாண வீட்டு வேலை. மற்ற மாதங்களில் மெஷின் சும்மா கிடக்கிறது. ரெடிமேட் உடுப்போடு அந்தப் பிள்ளைகள் போட்டி போட முடியாது. கொழும்பிலிருந்து நாம் இறக்கும் சட்டையின் விலை, அவர்கள் கேட்கும் தையற்கூலியை விடக் குறைவு. இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

அப்படியானால் எதைத் தைக்கலாம்? பதினைந்து வருடங்களாக நான் இதில் கொஞ்சம் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கைத்தையல் பைகளுக்கும், துண்டுத் துணிகளை ஒட்டி நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைகளுக்கும் மலைநாட்டில் சந்தை இருக்கிறது. இந்தப் போர்வையைத்தான் ஆங்கிலத்தில் குயில்ட் என்கிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில காலை வேளைகளில் புல்லில் பனி உறைகிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் தென்பகுதியிலிருந்து வருகின்றவர்களும் வெளிநாட்டவர்களும் விடுதிகளை நிரப்புகிறார்கள். உந்துவப் போயாவிலிருந்து வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாத மலைக்கு (எமது மூத்தவர்கள் பாவாத மலை என்பார்கள்) இலட்சக்கணக்கானோர் ஹற்றன் ஊடாகப் போகிறார்கள். குளிருக்குப் போர்க்க ஒன்று, சாமான் கொண்டுபோக ஒன்று. இரண்டும் வேண்டும் இவர்களுக்கு. இந்த இரண்டையும் சீனாவிலிருந்து வந்த சரக்காகவே நாம் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

என் வாப்பா பொட்டணி வியாபாரி. சேலையும் சட்டைத் துணியும் கட்டித் தோளில் சுமந்து லயம் லயமாக நடந்தவர். சம்பள நாளுக்குப் பணம் என்று கடன் கொப்பியில் எழுதிக்கொண்டு கொடுப்பார். அந்தக் காலத்து லயங்களில் போர்வை என்றால் இரண்டு வகை. ஒன்று, கரடு முரடான கறுப்புக் கம்பளி. மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கவும் அதுதான், இரவில் போர்க்கவும் அதுதான். மற்றது, கிழிந்த சேலைகளை மூன்று நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்ட போர்வை. வாப்பா விற்ற சேலைகள் பத்து வருடங்களுக்குப் பிறகு அப்படிப் போர்வையாகிப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குக் கீழே கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். வங்காளத்தில் பழைய சேலையில் செய்யும் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008 இல் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. நமது லயத்துப் போர்வைக்குப் பெயரே இல்லை.

கடதாசியில் இருந்த பிழை

இனி நான் பட்ட கதையைச் சொல்கிறேன். 2018 இல் நுவரெலியா விடுதிக்காரர் ஒருவர் 12 போர்வைகளுக்கு ஓடர் கொடுத்தார். வெளிநாட்டு உறவினர் அனுப்பியது என்று ஒரு பெட்டனையும் மின்னஞ்சலில் தந்தார். பெட்டன் என்று நான் சொல்வது தையற்காரர்கள் துணிமேல் வைத்து வெட்டும் அளவுக் கடதாசியை. 12 அங்குலச் சதுரம் ஒன்று, அப்படி எட்டுக்கு எட்டு, 64 சதுரம் சேர்ந்தால் 96 அங்குலப் போர்வை. கட்டிலின் இரு பக்கமும் தொங்க வேண்டும் என்பதற்காக அந்த அளவு.

நான் அதை டவுனில் அச்சடித்து, தோட்டத்தில் நாலு பெண்களிடம் கொடுத்தேன். ஆளுக்கு மூன்று போர்வை. ஒரு போர்வைக்கு 4,000 ரூபா கூலி என்று பேச்சு. தையல் நேர்த்தியாக இருந்தது. ஒரு தடவை கழுவி, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விடுதிக்காரர் அளவு நாடா வைத்துப் பார்த்தார். 89 அங்குலம்கூட முழுதாக இல்லை. பன்னிரண்டையும் திருப்பிவிட்டார்.

வியாபாரி என்ன செய்வான்? நானும் அதைத்தான் செய்தேன். "அளவு பிழைத்துவிட்டீர்கள்" என்று ஒவ்வொரு போர்வைக்கும் 500 ரூபா வெட்டினேன். ஆளுக்கு 1,500. அவர்கள் ஒன்றும் பேசவில்லை. ஒரு பெண் மாத்திரம், "கடதாசியப் பாத்துத்தான் முதலாளி வெட்டினோம்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, அந்தப் பெண்ணின் மகள், அப்போது ஏ. எல். படித்துக்கொண்டிருந்த பிள்ளை, கடைக்கு வந்தது. கையில் அதே கடதாசி. "முதலாளி, இதுல பன்னிரண்டு அங்குலம்னு எழுதியிருக்கு. அடிமட்டம் வச்சுப் பாருங்க" என்றது. வைத்துப் பார்த்தேன். பதினொன்றே முக்கால்கூட வரவில்லை.

விசயம் இதுதான். அமெரிக்காவில் கடதாசி எட்டரை அங்குல அகலம், 11 அங்குல நீளம். நாம் பாவிக்கும் ஏ4 அதை விட அகலத்தில் கொஞ்சம் குறைவு, நீளத்தில் கூட. கணினியில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற ஒரு தெரிவு இருக்கிறது. அச்சடிக்கும் பையன் வழமைபோல் அதை அழுத்திவிட்டான். படம் நூற்றுக்கு மூன்று வீதம் சுருங்கிவிட்டது. 12 அங்குலம் 11⅝ ஆயிற்று. ஒரு சதுரத்தில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. எட்டுச் சதுரம் சேர்ந்தபோது 96 இருக்க வேண்டிய இடத்தில் 93. அதற்கு மேல், பஞ்சு வைத்துத் தைக்கும்போது துணி ஒன்றிரண்டு அங்குலம் உள்ளே இழுக்கும். கழுவும்போது கொட்டன் துணி இன்னும் சுருங்கும். இவை இரண்டுக்கும் இடம் விட்டுப் பெட்டனை முதலிலேயே பெருப்பித்திருக்க வேண்டியவன் நான். ஆகவே பிழை முழுவதும் என் பக்கம்.

நாலு பேரில் மூன்று பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நாலாவது பெண் அதற்குள் குவைத்துக்குப் போய்விட்டார். குடும்பமும் தோட்டத்தை விட்டு வேறெங்கோ போய்விட்டது. அந்த 1,500 ரூபா ஒரு கடித உறையில் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. 2018 இல் அந்தக் காசுக்கு இருந்த பெறுமதி இன்று இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இதனால்தான் நான் சொல்கிறேன்: பெட்டனைக் கொடுப்பவன் எவனோ, அளவுப் பிழையின் நட்டம் அவனுடையது. தையல் கோணினால், நூல் விட்டுப்போனால் தைத்தவரிடம் கேட்கலாம். கடதாசி பிழைத்தால் கேட்க முடியாது. நமது ஊர்களில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழக்கமே இல்லை. எந்தக் குறைக்கும் கூலியில் கை வைப்பதுதான் வழக்கம். அப்படிக் கை வைக்கப்பட்ட பெண் அடுத்த ஓடருக்கு வரமாட்டார். மெஷின் மேல் மறுபடியும் பூப்போட்ட துணி விழும். நமக்கும் கை பழகிய ஓர் ஆள் போய்விடும்.

பெருப்பித்தால் மட்டும் போதாது

வெளிநாட்டுப் பெட்டன்களை நமது இடத்துக்கு ஏற்ப மாற்றுவதில் நமது ஆட்கள் செய்யும் இன்னொரு தவறு போட்டோ கொப்பி. சிறிய பையின் பெட்டன் கிடைக்கும். பெரிய பை வேண்டும் என்றால் மெஷினில் வைத்து ஒன்றரை மடங்கு பெருப்பிப்பார்கள். பை பெருக்கும்போது தையலுக்கு விட்ட ஓரமும் சேர்ந்து பெருக்கிறது. கால் அங்குலம் விட்டிருந்த இடம் முக்கால் அரைக்கால் கணக்கெல்லாம் போய் எட்டில் மூன்று அங்குலமாகிறது என்று குழம்பவேண்டாம்: ¼ என்பது ⅜ ஆகிறது. தைப்பவர் கைப்பழக்கத்தில் கால் அங்குலத்தில்தான் தைப்பார். துண்டுக்குத் துண்டு வித்தியாசம் விழும். சிப் அளவு பொருந்தாது. சரியான முறை, ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு உள்ளளவை மாத்திரம் பெருப்பித்து, பிறகு புதிதாக ஓரம் சேர்ப்பது. குயில்ட் பெட்டன்களில் ஓரம் கால் அங்குலம், அமெரிக்க உடுப்புப் பெட்டன்களில் பெரும்பாலும் ⅝ அங்குலம். இந்த இரண்டையும் ஒரே பையில் கலந்து தைத்த ஒரு கூத்தையும் நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை மடங்கானால் பையின் கொள்ளளவு மூன்று மடங்குக்கு மேல் போகிறது. வாடிக்கையாளர் அதற்குள் மூன்று மடங்கு சாமானைப் போடுவார். வார் பழைய வாராகவே இருந்தால் இரண்டாம் நாள் பிய்ந்து கையோடு வரும்.

வாரைப் பற்றி எனக்குக் கற்றுத் தந்தவர் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. நான் கொடுத்த பெட்டனில் வார் ஓர் அங்குலம். அதைக் கையில் எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது அறுக்கும் முதலாளி. முப்பது வருசம் கூடைக் கயிறு தலையில கெடந்திருக்கு, எனக்குத் தெரியாதா?" என்றார். வாரை இரண்டு அங்குலமாக்கி, தோளில் படும் இடத்தில் பஞ்சு வைத்து, வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமும் அதற்குள் குறுக்குமாகத் தைத்தார். அந்தப் பை ஒன்றுகூட இன்றுவரை திரும்பி வரவில்லை. உள் துணியையும் அவர்தான் மாற்றச் சொன்னார். மே மாதம் தொடங்கும் மழையில் ஹற்றனில் ஒரு கிழமைக்குச் சூரியனைக் காணாத நாட்கள் உண்டு. தடித்த கொட்டன் உள் துணி காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். மலிவான இரும்புப் பொத்தான் துருப்பிடித்துக் கறை விடும். அமெரிக்காவில் எழுதிய பெட்டனில் இதெல்லாம் இருக்காது.

அந்த அம்மா செய்தது தையல் வேலை மாத்திரமா? ஒரு கம்பனியில் இதே வேலையைச் செய்பவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஏ.சி. அறையில் வைத்திருப்பார்கள். நான் அவருக்கு ஒரு பைக்கு 25 ரூபா மேலதிகமாகக் கொடுக்கிறேன், யார் தைத்தாலும். இது போதுமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் ஒரு தடவை ஆயிரம் ரூபாவைக் கையில் வைத்துவிட்டுப் பெட்டனை என்னுடையது என்று சொல்வதை விட இது நேர்மையானது என்று நினைக்கிறேன்.

இதில் உலகத்துக்கே பாடமாக ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றுக்குள் அகப்பட்ட ஜீஸ் பெண்ட் என்ற கிராமம். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர். லயத்துப் பெண்களைப் போலவே கிழிந்த வேலை உடுப்புகளைத் துண்டாக்கிப் போர்வை தைத்தவர்கள். 1966 இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். 1972 இல் சியர்ஸ் என்ற பெரிய கம்பனி கோடுரோய் துணியில் தலையணை உறை தைக்கும் ஓடரைக் கொடுத்தது. உறைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே தையல். அவர்களுடைய சொந்தக் கைவண்ணத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் மிஞ்சிய கோடுரோய் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் தங்கள் இஷ்டப்படி போர்வை தைத்தார்கள். அந்தப் போர்வைகள் 2002 முதல் அமெரிக்காவின் பெரிய நூதனசாலைகளில் தொங்கின. 2006 இல் தபால் முத்திரையிலும் வந்தன. பெயர் வந்த பிறகு தகராறும் வந்தது. தங்கள் வடிவங்களை வைத்து மற்றவர்கள் சம்பாதிக்கிறார்கள் என்று சில பெண்கள் 2007 இல் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் சமரசமாக முடிந்தது. 2024 இல் ஒரு பெரிய கடைத்தொடர் அந்தப் பெண்கள் சிலரின் வடிவங்களை உடுப்புகளிலும் வீட்டுச் சாமான்களிலும் அச்சடித்து நாடெங்கும் விற்றது. வடிவம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு தடவைக்கான தொகை. விற்பனையில் பங்கு இல்லை. எனது 25 ரூபாக் கணக்கு இதைக் கேள்விப்பட்ட பிறகு வந்ததுதான்.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் நீலகிரி. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து போன பலர் குடியேறிய அதே மலை. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968 இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டமே போட்டது. அங்கு தோடர் என்ற சிறிய மலைச் சமூகத்தின் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்கிறார்கள். கடதாசியில் வரைந்து வைத்துச் செய்வதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். பெட்டன் முழுவதும் கணக்காக அவர்கள் தலைக்குள் இருக்கிறது. முன்பு பூத்துக்குளி என்ற போர்வையில் மாத்திரம் இருந்த அந்த வேலையை இப்போது பை, பணப்பை, மேசைவிரிப்பு என்று மாற்றி விற்கிறார்கள். 2013 இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டார்கள். வடிவத்தைச் சிறுப்பித்துப் பையில் வைத்தபோதும் இழை எண்ணும் முறையை அவர்கள் கைவிடவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று முடிவெடுத்தவர்கள் தைக்கிற பெண்களே. ஊட்டிக்குப் போகும் நமது வியாபாரிகள் வறுக்கியும் தைலமும் வாங்கி வருவதோடு நிற்காமல் இதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம்.

கொப்பி அடிப்பது

"நானா, எல்லாம் இன்டர்நெட்டில் சும்மா கிடக்குதே, எடுத்துத் தைத்தால் என்ன?" என்று நுவரெலியாக் கடைக்காரத் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

நைன் பெட்ச், லொக் கெபின் போன்ற சதுர வடிவங்கள் மிகப் பழையவை. யாருக்கும் சொந்தமில்லை. அவற்றை எடுத்து எப்படியும் மாற்றலாம். ஆனால் ஒருவர் புதிதாக வரைந்து, விளக்கம் எழுதி, விலைக்கு விற்கும் பெட்டனை ஒன்று வாங்கி நூறு கொப்பி அடித்து விற்பது வேறு. நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வரைபடத்துக்கும் எழுத்துக்கும் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு. பல பெட்டன்களின் அடியில் 'சொந்தப் பாவனைக்கு மாத்திரம்' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் தைத்த பையை விற்கலாமா என்று வரைந்தவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடலாம். நான் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் சும்மாவே அனுமதி தந்தார். மற்றவர் ஒரு சிறு தொகை கேட்டார், கொடுத்தேன்.

அதே சட்டம் நமக்கும் உதவும். நாமே புதிதாக ஒரு பை வடிவத்தை உண்டாக்கினால் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கைத்தொழில் வடிவமாகப் பதியலாம். ஐந்து வருடம், பிறகு இரண்டு தடவை புதுப்பித்தால் மொத்தம் 15 வருடம். பதிந்தால் யார் பெயரில் பதிவது என்ற கேள்வி வரும். வரட்டும். வாரை இரண்டு அங்குலமாக்கிய அம்மாவின் பெயர் அதில் இருக்க வேண்டுமா, என் கடையின் பெயர் மட்டும் போதுமா என்று பதியும் நாளில் யோசிப்பதை விட இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

வடிவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தயவு செய்து இன்னும் ஒரு யானையைத் தைக்க வேண்டாம். யானை கண்டியிலும் பின்னவலையிலும் வேண்டிய அளவு இருக்கிறது. நமது மலையில் தேயிலைச் செடிகள் சரிவைச் சுற்றி வரி வரியாக ஓடுகின்றன. மெல்லிய பச்சைத் துண்டுகளை அடுக்கினால் அதுவே ஒரு போர்வை. லயத்தின் கதவும் ஜன்னலும் மாறி மாறி வரும் வரிசை ஏற்கனவே சதுரத் துண்டு வேலைதான். நாலு வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை கதவுகளை நீலமும் கூரையைத் துருநிறமுமாகத் தைத்த பை, தொங்கவிட்ட அன்றே போய்விட்டது. வாங்கியவர் தலவாக்கலையில் பிறந்து கனடாவில் இருப்பவர்.

கூலிக் கணக்கு

இனி விலைக்கு வருவோம். தோட்டத்தில் அடிப்படை நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் ஆனது. 1,350 ஐ எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் மணிக்கு 168 ரூபா 75 சதம். 64 சதுரப் போர்வை ஒன்றை வெட்டி, இணைத்து, பஞ்சு வைத்து, கையால் ஓட்டி முடிக்க நல்ல கைக்கு 40 மணித்தியாலமாவது செல்லும். அப்படியானால் அந்தக் கூலிக் கணக்கிலேயே தையல் மாத்திரம் 6,750 ரூபா. துணி, பஞ்சு, நூல், பஸ் செலவு, கடை வாடகை, நமது இலாபம் எல்லாம் அதற்கு மேல். ஒரு போர்வையை 6,000 ரூபாவுக்கு விற்கிறோம் என்று எவராவது பெருமையாகச் சொன்னால், மலையில் கொழுந்தெடுப்பதை விடக் குறைந்த கூலிக்கு லயத்தில் வேலை வாங்குகிறோம் என்றுதான் அர்த்தம். 2018 இல் நான் பேசிய 4,000 ரூபாவும் அந்தக் காலத்துக் கூலியோடு ஒட்டிய கணக்கு என்று நினைத்தேன். மணித்தியாலத்தை யார் எண்ணினார்கள்?

இந்த விலைக்கு வாங்குவார்களா என்று கேட்பீர்கள். எல்லோரும் வாங்கமாட்டார்கள். பெரிய போர்வையை ஓடருக்கு மாத்திரம் வைத்துக்கொண்டு, குழந்தைப் போர்வை, தலையணை உறை, பை என்று மூன்று நாலு மணித்தியாலத்தில் முடியும் சாமானைக் கடையில் தொங்கவிடுவதே என் வழி. வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்புகின்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவுக்கு 800 டொலருக்குக் குறைந்த பார்சல்கள் தீர்வையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்ட் 29 இல் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். பழைய விலையில் ஒப்புக்கொண்டு அனுப்பிய ஒருவருக்குச் சாமான் திரும்பி வந்தது. அனுப்ப முன் தீர்வை யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளூர்ச் சந்தையைக் குறைவாக மதிக்கவும் கூடாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது கடைகளுக்குள் ஆள் வராத மாதங்களில் என் கடையை ஓட்டியது லயத்துப் பெண்கள் தைத்த பைகளை வேறு கடைகளுக்கு மொத்தமாகக் கொடுத்ததுதான். 2020 இல் முகக்கவசம். ஒரே ஒரு கடதாசி, மூன்று மடிப்பு, இரண்டு நாடா. அந்த ஒரு பெட்டனில் பல வீடுகளில் மெஷின் ஓடியது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறியபோது இறக்குமதிப் பைகளின் விலை எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அப்போது கையில் பழகிய தையற்காரர்களை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்தபோது கடையில் இருந்த போர்வைகள் எல்லாம் இரண்டு நாளில் லொறியில் ஏறிப் போயின. அதை நான் வியாபாரக் கணக்கில் எழுதவில்லை.

கடைசியாக, கொழும்பில் துணி வியாபாரம் செய்யும் சகோதரர்களிடம் ஒரு கோரிக்கை. கார்மென்ட் பெக்டரிகளின் வெட்டுத் துண்டுகளைக் கிலோக் கணக்கில் மூட்டையாகக் கட்டி எங்களுக்குத் தருகிறீர்கள். எங்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் ஒரே மூட்டையில் கொட்டனும் பொலியெஸ்டரும் லைக்ராவும் கலந்து கிடக்கிறது. கலந்து தைத்த போர்வை முதற் கழுவலில் கொட்டன் இருக்கும் இடத்தில் சுருங்கி, பொலியெஸ்டர் இருக்கும் இடத்தில் பொம்மிக்கொண்டு நிற்கும். நாங்கள் இங்கே ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூலை இழுத்து எரித்துப் பார்க்கிறோம். கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலானால் கொட்டன், உருகி மணி போல் திரண்டால் பொலியெஸ்டர். ஒரு மூட்டையைப் பிரிக்க இரண்டு பெண்களுக்கு ஒரு நாள் போகிறது. பெக்டரியில் வெட்டும்போதே எது எந்தத் துணி என்று அவர்களுக்குத் தெரியும். அங்கேயே வேறு வேறாகக் கட்டி, மேலே ஒரு துண்டில் எழுதி அனுப்பினால் கிலோவுக்கு 50 ரூபா கூட்டித் தர நான் தயார். கொட்டகலையிலும் ராகலையிலும் இருக்கும் இன்னும் இரண்டு கடைக்காரர்கள் அதே விலைக்குச் சம்மதம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கையளவுக்குக் குறைந்த துண்டுகளை மூட்டைக்குள் போடவேண்டாம். அவற்றை நிறுத்துக் காசு வாங்குவது சரியில்லை.